படையெடுப்புக்கு முந்திய சேரி
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கல்பட்டுக்காரர்களைப் பேச அழைத்தால் பஞ்சமி நிலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம். அதற்கும் வருவோம். ஆனால் இன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது மங்கோலியர் படையெடுப்பு. அந்த வரலாற்றை எங்கள் வாசிப்பு வட்டம் எப்படித் தேடிப் படித்தது, எழுத உட்கார்ந்தபோது கையில் என்ன மிஞ்சியது என்பதைச் சொல்லப்போகிறோம். "செங்கிஸ்கானுக்கும் சேரிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று வாசலில் தேநீர் கொடுக்கும்போதே மன்றத் தோழர் ஒருவர் கேட்டுவிட்டார். சம்பந்தம் இருக்கிறது என்று சிலர் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எங்களுக்குப் படிக்க வேண்டிவந்தது.

கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு தோழரின் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். ஒரு நாள் கல்லூரி மாணவி ஒருவர் தன் கைபேசிக்கு வந்திருந்த செய்தியைக் காட்டினார். இந்தியாவில் ஆதியில் தீண்டாமையே கிடையாது. துருக்கியரும் மங்கோலியரும் படையெடுத்து வந்தார்கள். தோற்ற வீரர்களை மதம் மாறச் சொன்னார்கள். மாற மறுத்த மானமுள்ள வீரர்களை இழிதொழில் செய்ய வைத்தார்கள். அவர்களின் பிள்ளைகளே இன்றைய தலித்துகள் என்று அதில் எழுதியிருந்தது. படித்ததும் "பொய்" என்றோம். "எப்படித் தெரியும், அண்ணா?" என்று கேட்டார். மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரிடமும் ஓர் ஆண்டு, ஒரு கல்வெட்டு, ஒரு நூலின் பெயர் இல்லை. எங்களிடம் கோபம் இருந்தது; சான்று இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையின் வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்த வேலை.

முதலில் காலவரிசையைச் சுவரில் எழுதி ஒட்டினோம். தெமுஜின் என்பவர் செங்கிஸ்கான் ஆனது 1206இல். தப்பியோடிய குவாரிஸ்ம் இளவரசர் ஜலாலுத்தீனைத் துரத்திக்கொண்டு அவர் சிந்து நதிக்கரைக்கு வந்தது 1221இல். 1241இல் லாகூர் வீழ்ந்தது. 1258இல் பாக்தாது. 1303இல் தார்கி என்ற தளபதி டெல்லியையே இரண்டு மாதம்போல் முற்றுகையிட்டுவிட்டுத் திரும்பினார். 1305, 1306ஆம் ஆண்டுகளில் வந்த படைகளை அலாவுதீன் கில்ஜியின் தளபதிகள் முறியடித்தார்கள். மங்கோலியப் படை விந்தியத்தைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டுச் சேரியை மங்கோலியர் உண்டாக்கினார்கள் என்ற பேச்சு இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே சுவரில் அடுத்த வரி 1311. மாலிக் கபூர் தமிழகத்துக்கு வந்த ஆண்டு. அந்தச் செய்தியை எழுதியவர்களுக்கு மங்கோலியர் வேறு, துருக்கியர் வேறு, கில்ஜி வேறு என்ற கணக்கெல்லாம் கிடையாது. அதனால் மேலே போனோம்.

மேலே போவதற்கு மூல நூல்கள் வேண்டும். எங்களில் ஒருவருக்கும் பாரசீகம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளைத்தான் நம்ப வேண்டும். எலியட்டும் டவுசனும் 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த தொகுப்புதான் எளிதில் கிடைக்கிறது. எலியட் தன் முன்னுரையில் ஒளிவுமறைவே இல்லாமல் எழுதியிருக்கிறார்: முன்பிருந்த ஆட்சிகளின் கொடுமையைப் படித்தால் பிரிட்டிஷ் ஆட்சியின் அருமை சுதேசிகளுக்குப் புரியுமாம். அந்த நோக்கத்துக்காகப் பொறுக்கியெடுத்த பக்கங்களைத்தான் இன்று வேறு நோக்கத்துக்காகக் கைபேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அமீர் குஸ்ருவின் கஸாயின்-உல்-ஃபுதூஹ் நூலை முகமது ஹபீப் 1931இல் மொழிபெயர்த்தார். அதையும் வைத்துக்கொண்டு ஒத்துப்பார்த்தோம்.

ஒத்துப்பார்த்ததில் முதல் பாடம் எண்ணிக்கை பற்றியது. மாலிக் கபூர் தெற்கிலிருந்து கொண்டுபோனது 512 யானை, 5,000 குதிரை என்கிறார் குஸ்ரு. அவர் அந்தக் காலத்திலேயே எழுதியவர். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு கழித்து எழுதிய ஜியாவுதீன் பரனி 612 யானை, 20,000 குதிரை, அதோடு 96,000 மணங்கு பொன் என்கிறார். இடையில் குதிரைகள் குட்டி போட்டிருக்கின்றன. இருவரும் அரண்மனையைச் சார்ந்து எழுதியவர்கள். கொள்ளையைப் பெருமையாகச் சொன்னவர்கள். கொள்ளை நடந்தது, கோயில்கள் சூறையாடப்பட்டன என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. கபூரைப் பிராமணர்களை அடக்க வந்தவராகக் கொண்டாடலாமே என்று எங்கள் வட்டத்திலேயே ஒரு தோழர் வாதாடினார். ஆயிரம் தினாருக்கு வாங்கப்பட்ட அடிமை, சேனாபதி ஆனவர் என்ற ஈர்ப்பு அவருக்கு. ஆனால் வழி நெடுகப் படையும் குதிரையும் யானையும் தின்றது யார் விளைவித்த தானியத்தை? பல வாரம் சண்டை போட்டோம். கடைசியில் அந்தப் பத்தியை அவரே அடித்தார்.

பரனியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டுக் கலிங்கத்துப்பரணியை நினைத்துவிடாதீர்கள். பரன் என்ற ஊர்க்காரர் அவர், இன்றைய புலந்த்ஷகர். மங்கோலியரைத் தடுக்க அலாவுதீன் என்ன செய்தார் என்று அறிய அவரை விட்டால் வேறு வழியில்லை. பெரிய படை வேண்டும். படைவீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா சம்பளம். அந்தச் சம்பளத்தில் அவன் வாழ வேண்டுமானால் விலைவாசி குறைய வேண்டும். எனவே ஒரு மணங்கு கோதுமை ஏழரை ஜீதல் என்று விலை கட்டினார்கள். விளைச்சலில் பாதி வரி. மங்கோலியருக்கு எதிரான போரின் செலவு இப்படி வயலுக்கு வந்தது. தெற்கின் கோயில் பொன்னும் அந்தக் கருவூலத்துக்கே போனது. மங்கோலியர் நம் ஊருக்கு வரவில்லை. அவர்களுக்கு எதிராகக் கட்டிய படையின் பசி வந்தது.

அந்த வரிச் சட்டத்தைச் சொல்லும்போது பரனி ஒரு சொல்லைப் போடுகிறார். கூத் எனப்பட்ட ஊர்த் தலைவன் முதல் பலாஹர் வரை எல்லோருக்கும் ஒரே சட்டம் என்கிறார். பலாஹர் யார்? ஊரின் கடைநிலைப் பணியாள். செய்தி சொல்லவும், ஏவிய வேலை செய்யவும், எல்லை காட்டவும் வைக்கப்பட்டவர். நம் பக்கத்து வெட்டியானையும் தலையாரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மங்கோலியப் போர்க்கால ஆவணத்தில் எங்கள் ஆள் ஒருவரைக் கண்டோம் என்று அன்று மாடியில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்! பிறகு உட்கார்ந்து யோசித்தோம். வரி கேட்டார்கள் என்றால் அவர் கையில் துண்டு நிலமாவது இருந்திருக்க வேண்டும். ஒரே சட்டம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நூறு வண்டி விளைந்தவனுக்குப் பாதி போனாலும் ஐம்பது வண்டி நிற்கும். மூன்று மூட்டை விளைந்தவன் வீட்டில் பாதி போனால் தை மாதத்திலேயே அடுப்பு அணையும்.

இதே பரனி அரசர்களுக்கு அறிவுரையாக ஃபதாவா-இ-ஜஹான்தாரி என்ற இன்னொரு நூலையும் எழுதினார். தாழ்ந்த குலத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று அதில் சொல்கிறார். தொழுகைக்கும் நோன்புக்கும் வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், அதற்கு மேல் போனால் குழப்பம் என்பது அவர் கட்சி. மனு எழுதியதைப் படிக்கும்போது வரும் கோபம் அதைப் படித்தபோதும் வந்தது. எங்கள் வட்டத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஏழு பேர். எங்களுக்கு எழுத்து ஆகாது என்று சொன்னவரின் எழுத்தை, அவரை நம்ப வேண்டிய இடத்தில் நம்பி, நம்பக் கூடாத இடத்தில் நிறுத்தி, அவர் நினைத்தே பார்த்திராத வாசகர்களாகப் படித்தோம். இதில் எங்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

தமிழ் மண்ணில் கால் வைத்த மங்கோலியர் சிலரும் இருந்தார்கள். டெல்லிப் பக்கம் குடியேறி இஸ்லாத்தை ஏற்றவர்கள். அவர்களில் அபாச்சி என்ற தளபதி மாலிக் கபூரின் படையில் வந்தார். இங்கே வந்ததும் எதிரணியோடு சேர்ந்துவிட முயன்றார் என்று 1350இல் தன் நூலை முடித்த இசாமி எழுதுகிறார். பிடித்துக்கொண்டுபோய் டெல்லியில் கொன்றார்கள். அந்தக் கொந்தளிப்பில் சதி ஒன்று கிளம்ப, ஆட்சிப்பகுதியில் இருந்த மங்கோலியக் குடியேறிகளை எல்லாம் கொல்லும்படி அலாவுதீன் ஆணையிட்டார். இருபதாயிரமோ முப்பதாயிரமோ பேர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குச் சதியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறார் பரனி. படையெடுத்தவர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் இவர்களை எங்கே வைப்பது? பிறப்பைக் காட்டிக் கொல்லப்பட்டவர்களை நாங்கள் அந்தப் பட்டியலில் வைக்கவில்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். குப்லாய்கான் சீனத்தை ஆண்ட காலத்தில் அவருடைய தூதர் யாங் திங்பி கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் வந்து போனார். 1281இல் சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழ் வணிகர்கள் சிவனுக்குக் கோயில் எடுத்து, மங்கோலியக் கானின் நலத்தை வேண்டித் தமிழிலேயே கல்வெட்டு வெட்டினார்கள். அந்தக் கல்லில் பர்மான் என்ற பாரசீகச் சொல்லும் இருக்கிறது. சிந்து நதியில் சூறையாடியவர்களின் வாரிசுகள் வங்கக் கடல் வழியாக வாடிக்கையாளர்களாக வந்தார்கள். பாரசீகத்தை ஆண்ட மங்கோலியக் கிளையிடம் பணிசெய்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒவ்வொன்றும் 220 தினார் விலையில் பாண்டிய நாட்டுக்கு இறங்கியதாகக் கணக்குச் சொல்கிறார். அதற்கான பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும், கோயிலைச் சார்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்தும் வந்தது என்றும் எழுதியிருக்கிறார். எண் கொஞ்சம் ஊதியிருக்கலாம். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர் காட்டிய திசை முக்கியம். கோயில் நிலத்தில் ஏர் பூட்டியவர்கள் யாரென்று இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கடல்வழிப் போக்குவரத்தில் வந்தவர்தான் மார்கோ போலோ. பதினேழு ஆண்டு குப்லாய்கானிடம் இருந்தவர். ஊர் திரும்பும் வழியில், 1292ஐ ஒட்டி, இந்தக் கரையைப் பார்த்தார். மயிலாப்பூரில் தோமையரின் கல்லறை பற்றி அவர் சொல்வதைச் சுற்றுலா நூல்கள் எல்லாம் எடுத்துப் போடுகின்றன. அதே பகுதியில் கோவி என்றொரு மக்களைப் பற்றி அவர் சொல்வதை விட்டுவிடுகின்றன. இந்த நாட்டார் மாட்டிறைச்சி உண்பதில்லை. கோவிகள் மட்டும் உண்கிறார்கள். அவர்களும் மாட்டைக் கொல்வதில்லை, தானாகச் செத்த மாட்டைத் தின்கிறார்கள் என்கிறார். தோமையரைக் கொன்றது இவர்களுடைய முன்னோர்தான் என்ற கதையையும் சேர்க்கிறார். அதனால் அந்தப் புனித இடத்துக்குள் இவர்கள் நுழைய முடியாதாம்; பத்து இருபது பேர் சேர்ந்து இழுத்தாலும் ஒருவரை உள்ளே கொண்டுபோக முடியாதாம்.

இந்தப் பகுதியை மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்து உரக்கப் படித்தோம். மயிலாப்பூர் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "இது நாமதானே" என்றார் கூட வந்த கல்தச்சுத் தொழிலாளி. செத்த மாடு, கொலைப்பழி, நுழைவு மறுப்பு என மூன்றும் ஒரே பத்தியில் இருக்கின்றன. நுழையவிடாமல் தடுத்தவர்களைக் காணவில்லை. கோவிகளின் உடம்பே நுழைய மறுத்ததாகக் கதை சொல்கிறது. சொன்னவர் வெனிசுக்காரர் என்றாலும் கதையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அம்பேத்கர் 1948இல் எழுதிய தீண்டப்படாதார் பற்றிய நூலை இந்த இடத்தில் மறுபடி எடுத்தோம். நாடோடிக் குழுக்கள் குடியமர்ந்த ஊர்களைத் தாக்கின. போர்களில் தோற்றுச் சிதறியவர்கள் ஊருக்கு வெளியே காவலர்களாக அமர்ந்தார்கள். பௌத்தத்தையும் செத்த மாட்டிறைச்சியையும் விடாததால் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள் என்பது அவர் வாதம். காலத்தை ஏறத்தாழ கி.பி. 400 என்று குறித்தார். பாஹியான், யுவான் சுவாங் என்னும் பயணிகளின் குறிப்புகளை அதற்காகத் துருவினார். தீண்டாமைக்குப் பின்னால் ஒரு படையெடுப்பு இருக்கிறது என்று அவரும் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அவர் சொன்னது பழங்குடிச் சமூகத்தின் போர். தோற்றவர்களை வெளியே நிறுத்தியதோடு விட்டிருந்தால் அது தீண்டாமை ஆகியிருக்காது என்பதும் அவர் வாதத்தில் உண்டு. அதைத் தீட்டாக மாற்றியதற்கு அவர் பார்த்த இடம் வேறு. கைபேசிச் செய்தி அந்த இடத்தை மறைக்கத்தான் செங்கிஸ்கானைக் கூப்பிடுகிறது.

மார்கோ போலோ வந்தது கபூருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்னால். இருபது ஆண்டு போதாது என்பவர்களுக்குத் தஞ்சாவூர் இருக்கிறது. பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த ராஜராஜன், எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்று கல்லில் பட்டியல் இட்டிருக்கிறார். ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி. அந்தச் சொல் அப்படியே கல்லில் இருக்கிறது. காலம் 1014ஐ ஒட்டியது. செங்கிஸ்கான் பிறக்க இன்னும் நூற்றைம்பது ஆண்டு போக வேண்டும். டெல்லியில் சுல்தான் ஆட்சி வர இருநூறு ஆண்டு. கபூர் வர முந்நூறு ஆண்டு. கஜினி மாமூது அப்போது வடமேற்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தஞ்சை எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. சேரிக்கு வரிவிலக்குக் கொடுத்த சோழனின் பெருந்தன்மையைப் பார்த்தீர்களா என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். சுடுகாட்டுக்கும் கொடுத்திருக்கிறார்.

பக்கத்திலேயே சான்று வேண்டுமென்றால் குன்றத்தூர்ச் சேக்கிழார் இருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதியபோது, திருநாளைப்போவார் கோயிலுக்குள் போக முடியாததைத்தான் கதையின் நடுவில் வைத்தார். நெருப்பில் இறக்கித்தான் உள்ளே விட்டார்கள். எந்தத் துருக்கிப் படையும் அப்போது பாலாற்றைப் பார்த்ததில்லை.

இவ்வளவும் சேர்ந்த பிறகு, படையெடுப்பு என்ற சொல்லையே திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. மாமல்லபுரம் என்ற பெயரே படையெடுத்துப் போனவரின் பெயர்தான். மாமல்லன் நரசிம்மவர்மன் 642இல் வாதாபியைப் பிடித்தார். அதை நம் பாடப்புத்தகம் வெற்றி என்கிறது. கலிங்கத்தில் பிணம் குவித்ததைப் பரணியே பாடினோம். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினால் வழியில் திருக்கழுக்குன்றம். அங்குள்ள ஒரு கல்வெட்டில், கந்தசிஷ்யன் கொடுத்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிம்மர் காத்துவந்தார், அதை நானும் அப்படியே தொடர்கிறேன் என்று முதலாம் ஆதித்தசோழன் சொல்கிறார். பல்லவரை வீழ்த்தியவர் அவர். அதற்கு அரைநூற்றாண்டு கழித்து 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசர் ராஜாதித்தனைக் கொன்று ராஷ்டிரகூட கிருஷ்ணன் வந்தார். கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவர் என்ற பெயரில் அவர் கல்வெட்டுகளும் அதே திருக்கழுக்குன்றத்தில் உள்ளன. அவர் காலத்திலும் கோயிலுக்குக் கொடை நடந்தது.

பல்லவர் போனார், சோழர் வந்தார், கன்னரர் வந்தார், மறுபடி சோழர், பிறகு பாண்டியர். ஒவ்வொரு படையும் மேலே இருந்தவரை மாற்றியது. நிலக்கொடையை மாற்றவில்லை, புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டது. நாங்கள் எழுதிவரும் நூலின் மூன்றாம் இயல் முழுவதும் இந்த ஒரு குன்றைப் பற்றியதுதான். மங்கோலியரைப் பற்றிய நூலில் இது எதற்கு என்று படித்துப் பார்த்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். இதை எழுதாமல் அதை எழுதினால், படையெடுப்பே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்ற கதையைத்தான் நாங்களும் வேறு குரலில் சொன்னதாக ஆகும்.

அந்தக் கையெழுத்துகளின் கடைசியில் என்ன நின்றது என்பதை 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களைப் பற்றிய தன் அறிக்கையில் எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் என்று கண்டார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் கைமாறியது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். காரணைக்காரர்கள் அன்று கேட்டது எந்தப் படையும் பறித்துக்கொண்டு போகாத நிலத்தை.

நூல் இன்னும் முடியவில்லை. பலாஹர் பற்றிய இயலும் கோவி பற்றிய இயலும் எழுதி முடித்தாயிற்று. அந்தச் செய்தியைக் காட்டிய மாணவிதான் இரண்டையும் எழுதினார். இப்போது கல்வெட்டு எழுத்துப் படிக்கப் பழகிவருகிறார். வரும் மாத முதல் ஞாயிறு திருக்கழுக்குன்றம் போகிறோம். காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நிற்போம். வருகிறவர்கள் ஒரு நோட்டும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். வெயில் ஏறுவதற்குள் படித்துவிட வேண்டும்.